மனத்தில் மூன்று, மற்றவை பெட்டகத்தில்: அன்றாடக் கடவுச்சொற்களை வைத்துக்கொள்ளும் முறை

எங்கள் பெரியப்பாவின் மேசை இழுப்பறையில் ஒரு பழைய டைரி இருக்கிறது. மின்வாரியம், ரயில் முன்பதிவு, எரிவாயு, வங்கி, ஓய்வூதியம் என்று பக்கத்துக்கு ஒன்றாகத் தலைப்பிட்டு, அதன்கீழ்ப் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் முத்துமுத்தாக எழுதி வைத்திருந்தார். கணினி தெரிந்த உறவினர்கள் எல்லாரும் அந்த டைரிக்காக அவரைக் கடிந்திருக்கிறார்கள், நானும் கடிந்தவன்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய கணக்குகளைச் சீர்செய்ய உட்கார்ந்தபோதுதான் கோளாறு டைரியில் இல்லை என்பது தெரிந்தது. 22 பக்கங்களிலும் இருந்தது ஒரே கடவுச்சொல்: பேத்தியின் பெயர், அதையடுத்து ஓர் அட் குறி, அதையடுத்து 123. இரண்டு மூன்று பக்கங்களில் மட்டும் 123 அடிக்கப்பட்டு 1234 ஆகியிருந்தது. கடவுச்சொல்லை மாற்றியே தீரவேண்டும் என்று அந்தத் தளங்கள் கட்டாயப்படுத்தியிருக்கும்.

இழுப்பறையைத் திறக்க ஒருவன் வீட்டுக்குள் வரவேண்டும். ஆனால் 22 இடங்களில் ஒரே சொல்லைக் கொடுத்தவர், அந்த 22 நிறுவனங்களில் எது மிகவும் கவனக்குறைவானதோ அதன் கையில் மற்ற 21 இடங்களின் சாவியையும் கொடுத்துவிட்டார். 2009இல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடிக் கடவுச்சொற்கள் திருடுபோயின. எந்த மறைப்பும் இன்றி அப்படியே எழுதி வைக்கப்பட்டிருந்த அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. 2012இல் லிங்க்ட்இன் தளத்திலிருந்து திருடப்பட்டவற்றுள் இணையத்தில் கோப்புகளைச் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய கடவுச்சொல்லும் இருந்தது. அதையே அவர் அலுவலகக் கணக்குக்கும் வைத்திருந்ததால், டிராப்பாக்ஸின் 6 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களின் விவரங்கள் பறிபோயின. தொழில் தெரிந்தவருக்கே இந்த நிலை என்றால், பெரியப்பாவைக் கடிந்துகொள்ள எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று தோன்றியது.

திருடுபோன பட்டியலை வைத்துத் திருடன் என்ன செய்கிறான் என்பதைத் தெரிந்துகொண்டால், எதைச் செய்ய வேண்டும், எதற்கு மெனக்கெடத் தேவையில்லை என்பது தானே விளங்கும். ஒழுங்கான தளம் கடவுச்சொல்லை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. ஹாஷ் எனப்படும் ஒருவழிக் கணக்கில் அதை அரைத்து, மாவை மட்டும் வைத்துக்கொள்கிறது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஆனால் திருடன் தன்னிடமுள்ள அரிசிகளை ஒவ்வொன்றாக அரைத்து, எந்த மாவு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். எம்டி5 போன்ற பழைய கணக்குமுறையாக இருந்தால், இன்றைய உயர்தர கிராபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10,000 கோடிக்கும் மேற்பட்ட சொற்களை அரைத்துவிடும். ஆங்கிலச் சிறிய எழுத்துகள் எட்டைக் கொண்டு அமைக்கக்கூடிய சொற்கள் மொத்தமே 20,882 கோடிதான். இரண்டு மூன்று நொடிகளில் கதை முடிந்துவிடும். பிகிரிப்ட், ஆர்கான்2 போன்ற முறைகள் வேண்டுமென்றே மெதுவாக அரைப்பவை, அவற்றில் இந்த வேகம் செல்லாது. ஆயினும் நாம் கணக்கு வைத்திருக்கும் தளம் எந்த உரலில் அரைக்கிறது என்பதை வெளியிலிருந்து அறிய வழியில்லை.

எழுத்து எழுத்தாக முயல்வதற்கு முன் திருடன் எடுப்பது, ஏற்கெனவே கசிந்த சொற்களின் பட்டியலைத்தான். முருகன், சரவணன், அம்மா, ஓம்சக்தி, நடிகர்களின் பெயர்கள், அவற்றின் பின்னால் பிறந்த ஆண்டு அல்லது 123 என்ற சேர்க்கைகளெல்லாம் ஆங்கில எழுத்தில் அந்தப் பட்டியல்களில் எளிதாகக் கிடைக்கும். ‘ஏ’ எழுத்துக்குப் பதிலாக அட் குறி போடும் தந்திரமும் அவனுக்குப் பழசு. நம் ஊரில் இந்தப் பழக்கம் வேரூன்றியதற்குக் கோப்புகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்: இ-ஆதார் கோப்பைத் திறக்கப் பெயரின் முதல் நான்கு எழுத்துகளையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து இடவேண்டும், பல வங்கிகளின் கணக்கு அறிக்கைகளும் ஏறக்குறைய அப்படித்தான் திறக்கின்றன. ஒரு கோப்பின் பூட்டுக்காக வகுத்த வாய்பாட்டைப் பார்த்து, கடவுச்சொல் என்றாலே இப்படித்தான் இருக்கும் என்று மக்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும், பெரிய எழுத்து ஒன்றும் எண் ஒன்றும் குறி ஒன்றும் கட்டாயம் என்ற விதிகளை இன்னும் பல தளங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனத்துக்காக 2003இல் அந்த வழிகாட்டுதலை எழுதிய பில் பர், அதில் பெரும்பகுதிக்காகத் தாம் வருந்துவதாக 2017இல் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில் அந்த நிறுவனமும் விதியை மாற்றிக்கொண்டது: கசிந்ததற்கான அறிகுறி இருந்தால் ஒழிய மாற்றச் சொல்லாதே, நீளமாக வைக்க விடு என்பது புதிய நிலை. அடிக்கடி மாற்றச் சொன்னால் மனிதர்கள் 123ஐ 1234 ஆக்குவார்கள். பெரியப்பாவின் டைரியே அதற்குச் சாட்சி.

ஆகவே நான் எல்லாருக்கும் சொல்லும் ஏற்பாடு இது. மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியவை மூன்றே: கைபேசியின் பூட்டு, முதன்மை மின்னஞ்சலின் கடவுச்சொல், கடவுச்சொல் பெட்டகத்தின், அதாவது மற்றக் கடவுச்சொற்களையெல்லாம் பூட்டி வைத்துக்கொள்ளும் செயலியின், தலைமைச் சொல். வங்கியின் பின் எண்கள் தனிக்கதை. அவற்றைப் பின்னால் பார்ப்போம். மற்ற கணக்குகள் அனைத்துக்கும் கணினியே குலுக்கிப்போட்ட, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத, நாமே பார்த்திராத கடவுச்சொற்கள் இருக்கட்டும். “இத்தனையும் எனக்கு ஞாபகம் இருக்குமாப்பா?” என்று பெரியப்பா கேட்டார். ஞாபகத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடே என்றேன்.

வேலையை மின்னஞ்சலிலிருந்து தொடங்குங்கள், வங்கியிலிருந்து அன்று. எந்தத் தளத்திலும் ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று அழுத்தினால் பெரும்பாலும் மின்னஞ்சலுக்குத்தான் இணைப்பு வரும். அதைப் பிடித்தவன் மற்றவற்றை வரிசையாகத் திறந்துகொள்வான். ஜிமெயில் என்றால் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று மூன்றைப் பாருங்கள்: மீட்புக்கான கைபேசி எண், மீட்புக்கான மறு மின்னஞ்சல், இப்போது உள்நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியல். அதோடு ஜிமெயிலின் அமைப்புகளில், உங்களுக்கு வரும் அஞ்சல்களை வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கடவுச்சொல்லை மாற்றிய பிறகும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பது அது.

மீட்பு எண்ணை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. உறவுக்காரப் பையன் ஒருவனுக்குத் தேர்வு விண்ணப்பத்துக்காகப் பிரௌசிங் சென்டர் ஒன்றில் மின்னஞ்சல் தொடங்கிக் கொடுத்து, கடவுச்சொல்லைத் துண்டுச்சீட்டில் எழுதித் தந்திருந்தார்கள். மூன்று ஆண்டுகள் கழித்து அது மறந்துபோய், மீட்க முயன்றபோது, கூகுள் காட்டிய எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்கள் எங்கள் வீட்டில் யாருடையவையும் அல்ல. கடைக்காரர் அவசரத்தில் தம் எண்ணையே போட்டிருந்தார். கடையோ அதற்குள் மூடப்பட்டுவிட்டது. தீய எண்ணம் எதுவும் இல்லாமலேயே ஒரு கணக்கு அப்படிக் கைவிட்டுப் போயிற்று. பழைய சிம்மைக் கைவிட்டவர்களுக்கும் இதே ஆபத்து. பயன்படாத எண் சில மாதங்களில் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டுவிடும், ஓடிபி அவருக்குப் போகும்.

இனி, மனத்தில் நிற்கும் வலிமையான சொல்லை எப்படி அமைப்பது? ஆங்கிலம் பேசுவோரிடையே பகடை உருட்டும் முறை ஒன்று உண்டு. அர்னால்டு ரெய்ன்ஹோல்டு என்பவர் 1995இல் வகுத்தது. 7,776 சொற்களின் பட்டியலிலிருந்து, ஐந்து முறை பகடை உருட்டினால் ஒரு சொல் என்று எடுக்கவேண்டும். நாம் ஒரு தமிழ் அகராதியையும் பத்துச் சீட்டுகளையும் கொண்டு இதையே செய்யலாம். 0 முதல் 9 வரை எழுதிய சீட்டுகளை ஒரு டம்ளரில் போட்டுக் குலுக்குங்கள். உத்திரமேரூர்க் குடவோலைதான், தேர்ந்தெடுப்பது மட்டும் ஆளை அல்ல. ஒரு சீட்டை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டு, சீட்டை மீண்டும் உள்ளே போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கவேண்டும். மூன்று எண்கள் சேர்ந்தால் பக்கம், அடுத்த இரண்டு சேர்ந்தால் அந்தப் பக்கத்தில் எத்தனையாவது சொல். அத்தனை சொற்கள் அந்தப் பக்கத்தில் இல்லையென்றால் மறுபடியும் குலுக்குங்கள். ‘இது பிடிக்கவில்லை, வேறு’ என்று மட்டும் குலுக்காதீர்கள், ஏனென்றால் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் பேத்தியின் பெயர் மறுபடி உள்ளே வருகிறது.

நான் சோதித்துப் பார்த்தபோது விழுந்தவை: கொடுக்காப்புளி, வடம், நொச்சி, பரிசல், ஏளனம். இங்கே எழுதிவிட்டதால் இந்த ஐந்தும் சேர்ந்து இனி யாருக்கும் பயன்படா. 15,000 தலைச்சொற்கள் உள்ள அகராதியிலிருந்து இப்படி ஐந்தை எடுத்தால், எந்த அகராதி என்பதைத் திருடன் அறிந்திருந்தாலும், நொடிக்கு 10,000 கோடி என்ற வேகத்தில் எல்லாச் சேர்க்கைகளையும் முயல ஏறத்தாழ 240 ஆண்டுகள் ஆகும். பெட்டகச் செயலிகள் மெதுவாக அரைப்பவை என்பதால் உண்மையில் அதைவிடப் பன்மடங்கு.

இந்தச் சொற்களை ஆங்கில எழுத்தில்தான் தட்டச்சிட வேண்டும். தமிழ் எழுத்திலேயே கடவுச்சொல் வைத்தால் என்ன என்று பலர் ஆர்வமாகக் கேட்கிறார்கள். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் யூனிகோடில் ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், முன்னால் வரும் கொம்பு, பின்னால் வரும் கால் என்று இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தளம் அவற்றை ஒன்றாக்கிக்கொள்ளாவிட்டால் அரைத்த மாவு வேறாகிவிடும். ஒரு விசைப்பலகையில் வைத்த கடவுச்சொல் இன்னொரு விசைப்பலகையில் திறக்காமல் போவதற்கு அது போதும். ஆங்கில எழுத்திலும் நமக்கே உரிய ஒரு தொல்லை உண்டு: ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக, ஒரே ஆள் நாளுக்கொரு விதமாக எழுதுவோம். அதனால் முதலிலேயே விதி வகுத்துக்கொள்ளுங்கள். என் விதி இது: எல்லாம் சிறிய எழுத்து; சொற்களுக்கு நடுவே இடைக்கோடு; நெடிலுக்கு உயிரெழுத்தை இரட்டிப்பதில்லை; மெய்யையும் இரட்டிப்பதில்லை; ககரம் எங்கு வந்தாலும் ‘கே’தான், ‘ஜி’ கிடையாது; ழகரத்துக்கு ‘இசட்’டும் ‘எச்’சும். ஒரு வாரம் நாள்தோறும் இருமுறை தட்டச்சிட்டுப் பழகினால் விரலே நினைவில் வைத்துக்கொள்ளும்.

பெட்டகத்தைப் பொறுத்தவரை, எதையும் வைத்துக்கொள்ளாமல் இருப்பதைவிட ஏதேனும் ஒன்றை வைத்துக்கொள்வது மேல். ஆண்ட்ராய்டு கைபேசியில் கூகுளின் கடவுச்சொல் மேலாளர் ஏற்கெனவே இருக்கிறது. ஐபோனில் 2024இல் வந்த ஐஓஎஸ் 18 முதல் அதற்கென்று தனிச் செயலியே இருக்கிறது. கைபேசி ஒரு நிறுவனத்துடையது, கணினி வேறொன்றுடையது என்று கலந்து புழங்குபவர்களுக்கு நான் பிட்வார்டனைச் சொல்வேன். அதன் மூலநிரல் வெளிப்படையானது, இலவசப் பதிப்பே வீட்டுக்குப் போதும். இணையத்தில் எதையும் வைக்கமாட்டேன் என்பவர்களுக்குக் கீபாஸ்எக்ஸ்சி இருக்கிறது. அது தரும் ஒற்றைக் கோப்பைப் படி எடுத்துப் பாதுகாப்பது உங்கள் பொறுப்பு. பெட்டகமே திருடுபோகாதா என்ற கேள்வி நியாயமானது. 2022இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து பயனர்களின் பெட்டகங்கள் திருடப்பட்டன. உள்ளே இருந்த கடவுச்சொற்கள் பூட்டப்பட்டிருந்தன. ஆனால் எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பூட்டப்படவில்லை. பூட்டியவற்றைக் காத்தது அவரவர் தலைமைச் சொல்லின் வலிமைதான். மேலே சீட்டுக் குலுக்கியது அதற்காகவே.

எல்லாக் கணக்குகளையும் ஒரே நாளில் மாற்ற உட்காராதீர்கள். பாதியில் சலித்துப்போய் விட்டுவிடுவீர்கள். முதல் நாளில் மின்னஞ்சல், வங்கி, ஆதாரோடு இணைந்த டிஜிலாக்கர் போன்றவை. மற்றவற்றை அடுத்தமுறை உள்நுழையும்போது ஒவ்வொன்றாக மாற்றிக்கொள்ளலாம். பெட்டகத்தின் உருவாக்கும் பொத்தானை அழுத்தினால் 16 அல்லது 20 எழுத்துகளில் ஒன்று வரும். 12 எழுத்துக்கு மேல் ஏற்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் தளங்களில் அது அனுமதிக்கும் உச்ச நீளத்தை வையுங்கள்.

பெட்டகத்தின் பெரிய பயன் நினைவாற்றலுக்குத் துணை நிற்பது அன்று என்பது என் கருத்து. அது கடவுச்சொல்லை நிரப்புவதற்கு முன் தளத்தின் முகவரியைப் பார்க்கிறது. குறுஞ்செய்தியில் வந்த இணைப்பை அழுத்தி, வங்கியின் பக்கம் போலவே இருக்கும் ஒரு பக்கத்துக்கு நீங்கள் போய்விட்டால், உங்கள் கண் ஏமாறும். முகவரியில் ஓர் எழுத்து கூடியிருந்தாலும் பெட்டகம் வாய் திறக்காது. வழக்கமாக நிரம்பும் இடம் நிரம்பாமல் இருந்தால், கடவுச்சொல்லைத் தேடி எடுத்து ஒட்டுவதற்கு முன் முகவரியை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

அடுத்து, கடவுச்சொல்லுக்குப் பிறகும் தளம் கேட்கும் இரண்டாம் பூட்டு. இரண்டாம் பூட்டே இல்லாததைவிடக் குறுஞ்செய்தியில் வரும் ஓடிபி மேல். ஆனால் உங்கள் பெயரில் மாற்றுச் சிம் வாங்கிவிட்டவனிடம் அது நிற்காது. 30 நொடிக்கு ஒருமுறை ஆறிலக்க எண்ணை மாற்றிக் காட்டும் அங்கீகாரச் செயலி அதைவிடச் சிறந்தது. சிக்னல் இல்லாத இடத்திலும், வெளிநாட்டிலும் வேலை செய்யும். மின்னஞ்சலுக்கும் பெட்டகத்துக்கும் இதை அவசியம் வையுங்கள். வைத்த கையோடு காப்புக் குறியீடுகளையும் எழுதிக்கொள்ளுங்கள். கூகுள் எட்டிலக்க எண்கள் பத்தைத் தரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். இதை எழுதி வைக்காமல் கைபேசியைத் தொலைத்தவர்களின் புலம்பலை நிறையக் கேட்டிருக்கிறேன். சில தளங்கள் இப்போது கடவுச்சொல்லுக்குப் பதிலாகப் பாஸ்கீ வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. அதில் தளத்திடம் இருப்பது பூட்டு மட்டுமே, சாவி உங்கள் கருவியை விட்டு அந்தத் தளத்துக்குப் போவதில்லை என்பதால் தயங்காமல் ஏற்கலாம்.

‘தாயாரின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர் என்ன?’ என்பது போன்ற கேள்விகளுக்கு உண்மையைச் சொல்லாதீர்கள். குடும்பப் பெயரே இல்லாத நம்மிடம் இந்தக் கேள்விக்குப் பொருளும் இல்லை. படித்த பள்ளியும் சொந்த ஊரும் பேஸ்புக்கிலேயே இருக்கின்றன. தாயார் பெயருக்குப் ‘பரிசல்’ என்று போட்டு, அதைப் பெட்டகத்தில் குறித்து வைத்தால் போயிற்று.

கைபேசிப் பூட்டுக்கு ஆறிலக்கம் வையுங்கள். பெட்டகம் கைபேசிக்குள் இருப்பதால் அதுவும் இப்போது தலைமைச் சாவிகளில் ஒன்று. யுபிஐ பின் எண்ணும் அதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. யுபிஐ பின் பணம் அனுப்பத்தான் தேவை, பெறுவதற்குத் தேவையே இல்லை. பணம் வரப்போகிறது, பின் எண்ணை இடுங்கள் என்று யார் சொன்னாலும் அது திருட்டு.

ஏதேனும் கசிந்திருக்கிறதா என்று அறிய, ஆஸ்திரேலியரான ட்ராய் ஹன்ட் 2013இல் தொடங்கிய ‘ஹேவ் ஐ பீன் போன்ட்’ தளத்தில் உங்கள் மின்னஞ்சல் முகவரியை இட்டுப் பாருங்கள். பணம் போய்விட்டால் வரிசை வேறு: முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை முடக்குங்கள், உடனே இணையக் குற்றங்களுக்கான 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள், கடவுச்சொற்களை மாற்றுவது அதன் பிறகு, அதுவும் சந்தேகமில்லாத வேறொரு கருவியிலிருந்து.

கடைசியாகத் தாள். தலைமைச் சொல், மின்னஞ்சல் கடவுச்சொல், காப்புக் குறியீடுகள், கைபேசிப் பூட்டு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, உறையிலிட்டு, பீரோவில் பட்டாவும் காப்பீட்டுப் பத்திரமும் இருக்கும் இடத்தில் வைத்து, மாற்றிய தேதியை உறைமேல் குறியுங்கள். நமக்கு ஏதேனும் ஆகிவிட்டால் வீட்டார் தவிக்காமல் இருக்க அது எளிய வழி. கூகுளிலும், 3 முதல் 18 மாதம் வரை நாம் குறிப்பிடும் காலத்துக்குக் கணக்கு புழங்கப்படாமல் இருந்தால் நாம் சொன்னவருக்குத் தெரிவிக்கும் ஏற்பாடு உண்டு, அதையும் வைத்துவிடுங்கள். எழுதி முடித்ததும், உங்கள் உதவியின்றி அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு வேறொருவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பெரியம்மாவிடம் கொடுத்துப் பார்த்தோம். தமிழில் எழுதியிருந்த ஐந்து சொற்களைப் பார்த்து ஆங்கிலத்தில் அடித்தவர், மூன்றாவது சொல்லில் நிறுத்தி, இதற்கு ஒரு எழுத்தா இரண்டா என்று கேட்டார். எழுத்துக்கூட்டும் விதியைத் தாளில் எழுத நாங்கள் மறந்திருந்தோம். பெரியப்பா உறையைப் பிரித்துத் தாளின் பின்புறம் அதையும் எழுதி, தேதியை அடித்துவிட்டுப் புதிய தேதி போட்டு ஒட்டினார்.